ஹெரெஸ் வினாகிரி

கல்முனைக்குடி,
18.08.1982

போத்தல் வெசயத்த முதல்ல செல்லிடுறன் மகன் கலந்தர், சலாமும் சுகமும் அதுக்குப் பொறகு. ஊருக்கு வந்த ஒன்ட கப்பல் கூட்டாளி ஸைனுலாப்தீன்ட கையில நீ குடுத்துவுட்ட வினாகிரிப் போத்தல் வந்து சேந்திச்சு. கப்பல் பழுதுக்கு நிக்கக்குள்ள குதிரைத் திருவிழா பாக்கப் போனனெண்டு எழுதினியே, அந்த ஹெரெஸ் ஊருச் சாமான். நானும் பெருமைக்காரி. ஒன்ட தங்கச்சி சுல்பிகாக்குக் கலியாணம் பேசி முடிக்க வந்த மாப்பிள்ள வீட்டாருக்கு மாங்காய் அச்சாறு வெச்சு, போத்தலையும் மேசையில தூக்கி வெச்சன். "என்ட மவுத்தான ராத்தாட மகன், நான் வளத்த புள்ள, ஸ்பெயின்ல இரிந்து அனுப்பின" எண்டு.

மாப்பிள்ளட உம்மா ஹாஜறா ரெண்டு தரம் அள்ளித் திண்டா. மறுகா பக்கத்து வளவு சிவக்கொழுந்து டீச்சர் போத்தல்ட எழுத்த வாசிச்சுப்போட்டு, "இது வைன்ல செஞ்ச வினாகிரியெல்லோ, ஆமினா அக்கா" எண்டா. அவ்வளவுதான். ஹாஜறா கையக் கழுவிட்டு எழும்பிட்டா. "குடிகார ஊருச் சாமான அச்சாறுல ஊத்தித் தந்து எங்கட வாயக் கெடுத்திட்டீங்களே! இதுக்கு ஒரு வெளக்கம் வராம நிக்காஹ் இல்ல."

மௌலவிட்ட ஓடினன். "வைன் தானாப் புளிச்சு வினாகிரியானா ஹலால். ஆக்கள் எதையும் போட்டுப் புளிக்க வெச்சிரிந்தா கூடாது" எண்டார். அது எப்பிடிப் புளிச்ச எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீதான் திரும்ப அந்த ஊருக்குப் போய், செஞ்சவன்ட வாயால கேட்டு எழுதணும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு மூணாம் நாள் நிக்காஹ். எனக்கு இரிந்தா இரிக்கேலா, நிண்டா நிக்கேலா. தபால்காரன்ட பெல் கேட்டாலே படலைக்கு ஓடுறன். கலியாணத்துக்கு நீயும் வந்துடணும்.

இன்னொண்டு. ஒன்ட வாயில அந்த வைன் படல்லதானே?

துஆவோட
சாச்சி ஆமினா உம்மா


ஹெரெஸ்,
09.09.1982

அன்புள்ள சாச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் பிந்தித்தான் கைக்கு வந்தது. பழுது பார்த்து முடிந்து, மறுநாள் கப்பல் புறப்பட இருந்தது. ஆனாலும் காதிஸ் துறைமுகத்தில் ரயிலேறி வந்துவிட்டேன். இங்கே திராட்சை அறுவடைத் திருவிழா. மாதா கோயில் படிக்கட்டில் வைத்தே திராட்சையை மிதிக்கிறார்கள். தெருவெல்லாம் கைதட்டிப் பாட்டு. வினாகிரியைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். வைன்காரர்களுக்கு அது வெட்கக்கேடான சாமான்.

கடைசியில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவரைப் பிடித்தேன். அவர் மகள் றோசியோவுக்கு இங்கிலீஷ் தெரியும். கிழவர் சொன்னது இதுதான்: "யாரும் எதுவும் போடுவதில்லை. ஏதாவது ஒரு பீப்பாய் தானாகவே கெட்டுப் புளித்துவிடும். மற்றதுகளுக்குத் தொற்றாமல் அதைத் தூரத்து மூலைக்கு உருட்டிவிடுவோம்." நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியமும் செய்தார். றோசியோ அதை எழுதித் தந்தாள். தாள் இதோடு இருக்கிறது.

இந்த ஊர்க் கோட்டைக்குள் பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது, சாச்சி. எண்ணூறு வருடத்துக்கு முன் நம்மவர்கள் தொழுத இடம். இப்போது தொழுகை இல்லை. அதைக் காட்டியவளும் றோசியோதான். ஒரு மூலையில் நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் காவல் நின்றாள்.

கப்பல் போய்விட்டது. குதிரை லாயமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. கப்பலில் செய்த அதே தச்சு வேலை, வைன் வேலை அல்ல. தங்கச்சி கலியாணத்துக்கு வர முடியாதென்றுதான் நினைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு: படவில்லை.

உங்கள் மகன்
கலந்தர்


கல்முனைக்குடி,
04.10.1982

மகன் கலந்தர், ஒன்ட காயிதம் பெருநாளைக்கு முதல் நாள்தான் வந்திச்சு. அந்தப் பொடிச்சி எழுதின தாளையும் எடுத்துக்கு மௌலவியும் நானும் ஹாஜறாட வாசல்ல போய் நிண்டம். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அப்ப மிச்ச அச்சாறு இரிக்கா?" எண்டாளே பாரு! அல்லாஹ்ட கிருபையால வெள்ளிக்கிழம நிக்காஹ் முடிஞ்சிச்சு. காக்கா நீ பக்கத்துல இல்லையெண்டு சுல்பிகா அழுதவ. ஒனக்கெண்டு எடுத்த சாரனும் சேட்டும் மடிச்சபடி இரிக்கி.

ஒரு காயிதத்துல மூணு தரம் அவள்ட பேரு, மகன். நான் எண்ணிப் பாத்தன். நீ தொழக்குள்ள தலைய மூடிக்கு நிண்டவளாம், நல்ல புள்ளயாத்தான் இரிப்பாள். ஆனா வாப்பா வைன் பீப்பாய் உருட்டுறவர். ஏசவும் ஏலா, ஏசாம இரிக்கவும் ஏலா. அவள் கலிமாச் செல்லி நம்மட மார்க்கத்துக்கு வருவாளா? நீ எப்ப வருவாய்? வருவியா? இதுகள ஒளிக்காம எழுது. நான்தானே ஒன்ன அந்த ஊருக்குத் திருப்பி அனுப்பின. அந்தக் காயிதத்த எழுதாட்டி நீ கப்பல்ல ஏறியிரிப்பாய், இந்தச் சாரன் இப்ப ஒன்ட இடுப்புல இரிக்கும்.

சாப்பாட்டக் கவனி. தொழுகைய உட்டுறாத.

சாச்சி ஆமினா உம்மா

யா அல்லாஹ், ஒட்டப் போகக்குள்ளதான் ஞாபகம் வருகுது. மாப்பிள்ள வீட்டார் வாறதுக்கு முதல் நாள் ஒன்ட போத்தலத் தொறந்து மணந்து பாத்தன், மணம் எனக்குப் புடிக்கல்ல. வெத்தில வெக்கிற பித்தள வட்டா கறுத்துப்போய்க் கிடந்திச்சு. ஒன்ட வினாகிரிய ஊத்தி அதத்தான் வெளக்கின. அச்சாறுக்கு ஊத்தின, மீராசாட கடைத் தென்ன வினாகிரி.