கரண்ட் சொல்லிக்கொண்டா வரும்?

மாமா,

எதிர்வீட்டுக்குக் கதவு செய்ய வந்த கார்பெண்டர்கள் இன்று காலை பலாப்பலகை அறுத்தார்கள். அந்த மஞ்சள் மரத்தூள் வாசனை தெருவைத் தாண்டி என் தையல் மெஷின்வரை வந்துவிட்டது. கையிலிருந்த துணியை வைத்துவிட்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அவர்கள் என்னடாவென்றால், ஓடிக்கொண்டிருந்த அறுக்கும் மெஷினை அப்படியே பலகைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! விடுவிடுவென்று போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யக்கா, கரண்டே இல்லியே, அத ஏன் புடுங்கற?" என்றார் அவர்களில் ஒருத்தர்.

நானும் உங்களிடம் இதையேதானே கேட்டேன்? திருவந்திபுரத்தில் தாலி கட்டி, சிதம்பரத்தில் உங்கள் தச்சுப் பட்டறைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கு என்னைக் கூட்டிவந்த புதிது. கரண்ட் போனால் ஊரே விசிறியைத் தேடும், நீங்கள் பிளக்கைத் தேடுவீர்கள். அதைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வியர்வையே துடைப்பீர்கள்.

"செத்த மெஷினு மாமா அது. உங்கள என்னா பண்ணப்போவுது?"

"போறப்ப சொல்லிட்டா போச்சு? சொல்லாம போனது சொல்லாமதான்டி வரும்."

"ஆமா, பெரிய இன்ஜினீயரு!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவீர்கள்.

அப்புறம் மின்வெட்டு ஜாஸ்தியான வருஷங்கள் வந்தன. ஒரு மத்தியானம், நீங்கள் பலகையைப் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினீர்கள். அடுப்புக்கு மரத்தூள் அள்ள வந்த நான், பிளேடைச் சுற்றி அடைத்துக்கொண்டிருப்பதை மட்டும் விடுவானேன் என்று வலது கையை உள்ளே விட்டு நோண்டினேன். விரல் பிளேடின் பல்லில் உரசிக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு டிவி அலறியது.

மெஷின் மட்டும் அசையவில்லை. பார்த்தால், அதன் சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது. பிளக் ஆணியில் தொங்குகிறது.

கையை வெளியே எடுத்துவிட்டேன். தூள் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவளுக்கு வலது கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? நீங்கள் வந்து பார்த்தீர்கள். "அறிவு இருக்காடி ஒனக்கு?" என்று கத்த ஆரம்பித்து, பாதியிலேயே உங்களுக்குக் குரல் உடைந்துபோனது. என் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தூள் தட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தீர்கள். சுண்டுவிரல் முடிந்ததும் மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தீர்கள். தூக்குவாளியில் டீ ஆறிப்போனது. கல்யாணத்தன்றுகூட நீங்கள் என் கையை அப்படிப் பிடிக்கவில்லை, மாமா.

அதற்கப்புறம் நான் கிண்டல் செய்ததே இல்லை. கரண்ட் போனால் அடுப்படியிலிருந்து, "மாமா, புடுங்கியாச்சா?" என்று நானே குரல் கொடுப்பேன். "ஆச்சு, இன்ஜினீயரம்மா!" என்பீர்கள்.

போன ஐப்பசியில் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அக்கா கூப்பிட்டாள் என்று கடலூருக்கு வந்துவிட்டேன். இங்கேயும் கரண்ட் போய்ப் போய் வருகிறது. போனதும் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறேன். அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இன்று காலை அந்தக் கார்பெண்டர்கள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "போறப்ப சொல்லிட்டா போச்சு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது.

பிளக்கைக் கையில் பிடித்தபடியே எங்கள் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன், மாமா. கரண்ட் வரும்போதெல்லாம் பார்க்கிறேன். சொல்லாமல் போனது சொல்லாமல்தான் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?