கணக்கில் சேராத ஓட்டு

அன்பு மகளுக்கு,

இன்று அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். நாமும் அமெரிக்கர்கள்தான். ஆனாலும் மாநில அந்தஸ்து இல்லாத இந்தக் குவாம் தீவில் குடியிருக்கும்வரை நாம் போடுவது வெறும் மாதிரி ஓட்டு. வாஷிங்டன் அதைக் கணக்கில் சேர்க்காது. தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் போடுகிறேன்.

வரிசையில் பக்கத்து வீட்டு ரொசாரியோ சிரித்தாள். "சேராத ஓட்டுக்கு இந்த வெயில்ல வந்து நிக்கிறியே அக்கா!"

"இங்க இருக்கிற ராணுவத் தளத்தக் குறிவச்சு எவனாவது ஏவுகணை விட்டா மொதல்ல நம்ம தலையிலதான்டி விழும். நம்ம மனசுல என்ன இருக்குன்னு வாஷிங்டனுக்குத் தெரிய வேணாமா?" என்றேன்.

உன் அண்ணனைப் போருக்கு அனுப்பும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. அவன் சவப்பெட்டிமேல் போர்த்தி மடித்த கொடியை வாங்கிக்கொள்ள மட்டும் கூப்பிட்டார்கள். அதில் தூசி படிய நான் விடுவதில்லை.

நீ கலிபோர்னியாவில் குடியேறிவிட்டாய். "நிக்கிற ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா, நான் ஓட்டுப் போடப் போகல" என்று நேற்று போனில் சொன்னாய். இன்னாருக்குப் போடு என்று நான் சொல்லமாட்டேன்.

இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். இங்கே பொழுது சாய்கிறது. உனக்கு இதே செவ்வாய்க்கிழமை இன்னும் விடியவே இல்லை. எழுந்ததும் கிளம்பு. நம் வீட்டில் எண்ணப்படும் ஓட்டு உன்னுடையது ஒன்றுதான்.

வெயிலில் நின்றுவிட்டு வந்த
உன் அம்மா