ராணித் தலை ரூபாய்

1934 ஜூன் 4, திங்கள்

கடையில் ஈ ஓட்டினேன். அத்தா கைலி மடிக்கிற அழகை நாளெல்லாம் பார்க்கலாம். தெருவில் பாதிப் பேர் காசு அவர் பெட்டியில்தான். துணியில் முடிந்து தருவார்கள் — அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். சீட்டு கிடையாது. கொடுத்த நாணயமே திரும்ப வரவேண்டும், முடிச்சுகூட மாறக்கூடாது.

இடியாப்பம் விற்கிற ஜெயினம்பு மாமி வந்தார். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். "அண்ணே, வியாழக்கெழம வந்து என் அம்பது ரூவாய எடுத்துக்கிறேன்."

"சரிம்மா" என்றார் அத்தா. மடித்த கைலியையே மறுபடி மடித்தார்.

ஜூன் 5

மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். மாமி முடிச்சில் ஐம்பது ஓட்டாஞ்சில்லு! வட்டமாகத் தேய்த்து, எண்ணி வைத்தது. எங்க அத்தாவா? களவைக்கூட இம்புட்டு நேர்த்தியாவா செய்வாரு?

கேட்டேன். வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்தார்.

ஐயோ. "சைக்கிள் இருந்தா பள்ளிக்கூடம் போறேன்"னு போன வருசம் மூணு நாள் பட்டினி கிடந்தேன். வாங்கித் தந்தார். ரெண்டே மாசம் போனேன். அப்புறம் சமயநல்லூர் வரைக்கும் சும்மா சுத்தினேன்.

"இல்லன்னு சொல்லிருக்கலாம்ல அத்தா?"

"ஒங்கிட்ட எனக்கு அது வராதுடா."

சண்டை போடணும்போலவும் இருந்தது, கட்டிக்கணும்போலவும் இருந்தது.

ஜூன் 6

ஆரப்பாளையம் சைக்கிள் கடை முத்திருளன் முப்பத்தெட்டு கொடுத்தான். "மாப்ள, பெல்லு அடிக்கலையே"ன்னு ரெண்டு ரூபாய் குறைச்சான், களவாணி. மீதிப் பன்னிரண்டுக்கு அத்தா சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 7

மாமிக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியும். கடையிலேயே அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் தாடி வைத்த ராஜா தலை.

"நான் குடுத்தது பூராம் ராணித் தலைல்ல அண்ணே? ராணிக்குத் தாடி மொளைக்கிற வரைக்குமா எம்புள்ள கல்யாணம் தள்ளிப்போச்சு?"

கைலி பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்போடு விட்டிருக்கலாம். அத்தா விடவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒங்காச எடுத்துட்டேன் தங்கச்சி. இது வேற காசு."

மாமி முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்குப் பந்திக்கு வந்துருங்க." அம்புட்டுதான்.

ஜூன் 19

ஒருத்தரும் வையவில்லை. ஆளாளுக்கு வந்து முடிச்சை வாங்கிப் போய்விட்டார்கள். பெட்டி காலி. அத்தா அதைத் தினமும் துடைக்கிறார்.

ஆகஸ்ட் 2

ஜெயினம்பு மாமி மறுபடி வந்தார். சின்ன மகளுக்காம் — மூன்று ரூபாய், கந்தல் முடிச்சு. அத்தா கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். என்னைக் காட்டினார். "பாதுஷாகிட்ட குடும்மா."

"இவன்ட்டயா? ஆளப்பாரு!" மாமி அத்தாவின் கையைப் பிடித்து முடிச்சை உள்ளே வைத்து அழுத்தினார். "இவன் கேட்டா இல்லன்னு சொல்லப் பழகுங்கண்ணே." சைக்கிள் கதை தெருவுக்கே தெரியும்.

மாமி போனதும் டீக்கு ஓரணா கேட்டுப் பார்த்தேன்.

"இல்லடா" என்றார். நான் பிறந்ததிலிருந்து என்னிடம் இல்லை என்றது இதுதான் முதல் தடவை.