புதன்கிழமை ஜாக்கெட்டுகள்

அக்டோபர் 15, புதன்

காலையிலிருந்து தூறல். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் குடை விரிக்க இடமில்லை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்.

இன்று வந்தவை: ஜிப் போன பேன்ட் 9. எலி கடித்த பட்டுப் பாவாடை 1. ஸ்கூல் பேக் 3. ஃபாதரின் வெள்ளை அங்கி, முழங்கையில் ஓட்டை.

புதுத்துணி எடுக்கும் நேரத்தில் பழையதைத் தைக்க யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வருகிறார்கள். துணி குப்பைக்குப் போகக் கூடாது, வேறு யாரும் வேலை தராதவர்களுக்கு இங்கே வேலை. ஸ்டெல்லா மேடம் கடை ஆரம்பித்தபோது போட்ட விதி இந்த இரண்டுதான். அதனால்தான் கவுன்டரில் நான், ஒரு திருநங்கை. அதனால்தான் ரஃபு மேஜையில் பூங்கொடி. அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. ஓட்டை இருந்த இடமே தெரியாமல் இழை கோத்துவிடுவாள்.

பதினொரு மணிக்குப் பாஸ்கர் வந்தார். விழுப்புரத்துக்காரர். வேலை விஷயமாகப் புதன்தோறும் திண்டிவனம் வருவார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. என்னை 'மேடம்' என்று கூப்பிடும் மிகச் சில ஆண்களில் ஒருவர். மூன்று ஜாக்கெட்.

"ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் புடிச்சிடுங்க மேடம். என் சிஸ்டரோடது. ஒடம்பு எளைச்சிக்கினே போவுது. லூசா இருந்தா அவுந்து விழுது, பார்க்க நல்லால்ல."

போன மாதமும் இதையேதான் சொன்னார்.

அக்டோபர் 16, வியாழன்

பூங்கொடி காலையில் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாஸ்கர் கொடுத்த ஜாக்கெட் ஒன்றை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அக்குளில் கிழிசல். அதை யாரோ கையால் தைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னத் தையல், ஒரே சீராக. என்ன நூல் என்று விரலை வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. விளக்கில் காட்டினேன்.

முடி. தலைமுடி. நாலைந்து இழையை முறுக்கித் தைத்திருக்கிறார்கள்.

பூங்கொடி தன் பின்னலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஊசி பிடிக்கும் சைகை. பிறகு இரண்டு கையையும் விரித்தாள். நூல் இல்லை, அதனால்.

ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே போன் நம்பர். ஜூன் மாதம் மார்புச் சுற்று 34. ஆகஸ்ட் 32. செப்டம்பர் 30. இப்போது 28. இருபத்தெட்டு என்பது எட்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தைக்கிற அளவு. கழுத்து இறக்கமும் கை நீளமும் மட்டும் வளர்ந்த பெண்ணுடையது.

 மதியத்துக்குக் கொண்டுபோன கேப்பைக் கூழை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. பட்டன் தீர்ந்துவிட்டது, மேடத்திடம் சொல்ல வேண்டும்.

பூங்கொடி மூன்று ஜாக்கெட்டையும் பிடித்து முடித்தாள். இஸ்திரி போடும் முன் ஒன்றின் கீழ் மடிப்பைப் பிரித்து, உள்ளே ஒரு ஊசியைப் படுக்க வைத்தாள். நீல நூலை ஒரு அட்டைத் துண்டில் சுற்றி அதையும் வைத்தாள். மடிப்பை மூடித் தைத்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். நிமிரவில்லை.

நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். தலை குளித்தேன். வெடிச்சத்தம்.

நினைக்கக் கூடாது என்றிருந்ததை நினைத்தேன். முகையூரில் எங்கள் நிலத்து மோட்டார் ரூம். சேலை கட்டியதற்காக அண்ணன் என்னை அதில் அடைத்தது. நாற்பது நாள். நான் கத்தினேன். தினமும் கத்தினேன். மல்லாட்டைக் கடலை பறிக்க வந்த பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், வருவார்கள். பேச்சுச் சத்தம் கதவு வரை வரும். கதவு பக்கம் வந்ததும் நின்றுவிடும். தாண்டிப் போனதும் திரும்ப ஆரம்பிக்கும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து கடை காலி. பாஸ்கர் வந்து ஜாக்கெட்டுகளை வாங்கினார். மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். "நீட்டா இருக்குங்க" என்றார். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். யாரும் தொடவில்லை. சாயந்திரம் எறும்பு.

அக்டோபர் 29, புதன்

நல்ல மழை. கடை வாசலில் தண்ணீர்.

பாஸ்கர் இரண்டு ஜாக்கெட் கொண்டுவந்தார். அவர் போகும்வரை பூங்கொடி பொறுத்திருந்தாள். பிறகு உள்பக்கம் திருப்பினாள்.

முதுகில் ஒரு கிழிசல். நீல நூலில் தைத்திருந்தது.

பூங்கொடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தையல் பூங்கொடியின் தையல் மாதிரியே இருந்தது. இரண்டு சின்னத் தையல் முன்னால், ஒன்று பின்னால் திருப்பி. அவள் கைவேலையை அங்கே யாரோ உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றிருக்கிறார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன்.

"அடுத்தவங்க வீட்டு விஷயம் மஞ்சு. சீக்காளியா இருக்கலாம். கூடப்பொறந்தவன் பார்த்துக்கினு இருக்கலாம். நாம போயி நின்னு, அது தப்பா இருந்துச்சுன்னா, நாளைக்கி எந்தப் பொம்பள நம்மகிட்ட துணி குடுப்பா? பதினோரு பேரு இத நம்பி இருக்கீங்க."

"சீக்காளிக்கு நூலு வாங்கித் தர மாட்டாங்களா மேடம்?"

கடைசியில், "கேட்டுப் பாரு. அவங்களயே கேளு" என்றார்.

வெள்ளை லைனிங் துணியில் பேனாவால் எழுதினேன். 'நாங்கள் தையல் கடை. உங்களால் வெளியே வர முடியவில்லை என்றால் ஜாக்கெட்டில் ஒரு கையின் வாயை மட்டும் மூடித் தையுங்கள்.' பூங்கொடி அதை முதுகுப் பட்டிக்குள் வைத்துத் தைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியுமோ, தெரியாதோ. இன்னொரு சுருள் நீல நூல், மற்ற ஜாக்கெட்டில். பாஸ்கர் வெள்ளிக்கிழமையே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை, புழுக்கம்.

பாஸ்கர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் கவுன்டரில் போட்டார்.

ஒரு கையை மட்டும் இல்லை. இரண்டு கையின் வாயும் மூடியிருந்தது. கழுத்து மூடியிருந்தது. முன்பக்கம் கொக்கிகளுக்கு மேலேயே தையல். கீழ் விளிம்பும். எல்லா வாசலும் நீல நூலில், எறும்பு நுழைய இடமில்லாமல். தலையணை உறை மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"பிரிச்சிக் குடுங்க" என்றார். அதே மெதுவான குரல்.

"சரிங்க சார்."

"இந்த நூலு எங்க வூட்ல கெடையாது மேடம்."

அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது. ரஃபு மேஜை. பூங்கொடி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீல நூல்கண்டு. அவளுக்கு ஒன்றும் கேட்காது. அவர் அந்த நூல்கண்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். சிரித்த முகம் மாறவே இல்லை.

"வேணாம். நானே பிரிச்சிக்கிறேன்" என்று ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மேடம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ரெஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கினார். ஜூன் மாதம் ஒருமுறை வீட்டுக்கே அனுப்பச் சொல்லி பாஸ்கர் கொடுத்த விலாசம் அதில் இருந்தது. பெண்கள் உதவி எண்ணுக்கு மேடமே போன் போட்டார்.

நவம்பர் 6, வியாழன்

எப்படி எழுதுவது. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உதவி மையத்திலிருந்து ஒரு அம்மா, பெண் போலீஸ் ஒருவர், மேடம், நான். பத்தரைக்கு விழுப்புரம். ரயில்வே லைனை ஒட்டிய தெரு. மாடி வீடு. சுத்தமாகப் பெருக்கி, கோலம் போட்ட வாசல். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தோம்.

"அவரு தங்கச்சி வசந்தாவா? அது பாண்டிச்சேரில வாக்கப்பட்டுப் போயி எவ்ளோ வருஷமாச்சு. இங்க வந்ததே இல்லியே."

பாஸ்கர் அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை. உள்ளே உட்காரச் சொன்னார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார்.

"மேல யாரு இருக்காங்க?" என்றார் பெண் போலீஸ்.

"ஸ்டோர் ரூமுங்க" என்றார் மனைவி.

பாஸ்கர், "என் தங்கச்சி இருக்குது" என்றார். மனைவி சொன்ன அதே நொடியில்.

சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். படியேறும்போது காது கொடுத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. கதவு திறந்ததும் முதலில் துணிதான் தெரிந்தது. ஜன்னல் திரை, போர்வை, பாய், தலையணை, துண்டு, பாவாடை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து ஒரே துணி. தரையிலிருந்து ஜன்னல் வரை. முடியில் தைத்தது, நாரில் தைத்தது, கடைசியாக நீலத்தில் தைத்தது. அதன் நடுவில் ஒரு இடம் அசைந்தது.

வசந்தாவுக்கு நாற்பது வயது இருக்கும். உட்கார்ந்திருந்தபோது சிறுமி என்று நினைத்தேன். இடது பக்கத் தலையில் முடி இல்லை. எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. ஊசியை மட்டும் சட்டென்று வாய்க்குள் மறைத்தார். பெண் போலீஸ் கெஞ்சிக் கெஞ்சி வெளியே எடுக்க வைத்தார்.

அவர் கட்டியிருந்த புடவையும் அந்தத் துணியோடு தைத்திருந்தது. நான்தான் கத்தரித்தேன். ஒவ்வொரு தையலையும் அறுக்கும்போது அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே பாஸ்கர் சொன்னது: "வலிப்புங்க அதுக்கு. ரோட்டுல உழுந்து கெடக்கும், நாலு பேரு பார்ப்பாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? சோறு போடலயா, துணி குடுக்கலயா? எளைக்க எளைக்க அளவு பார்த்து நான்தானே தைச்சிக்கினு வந்தேன்."

நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நவம்பர் 8, சனி

பாஸ்கரைக் கைது செய்துவிட்டார்கள். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வசந்தா விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில். வயிற்றில் கஞ்சி தங்குகிறது என்று உதவி மையத்து அம்மா போனில் சொன்னார். பெயர் சொல்கிறாராம். வேறு பேச்சு இல்லை.

வானூரிலிருந்து ஒரு மூட்டை பழைய ஜீன்ஸ். பை தைக்கலாம். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினின் பெல்ட் அறுந்தது.

பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சைகையில் சொன்னேன். அந்தத் துணி எவ்வளவு பெரியது என்று கேட்டாள். கைகளை விரித்துக் காட்டினேன். போதவில்லை.

நவம்பர் 12, புதன்

பதினொரு மணிக்கு எல்லோரும் வாசலைப் பார்த்தோம். யாரும் வரவில்லை.

மதியம் பூங்கொடியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாத்துக்குடி, ஒரு புது நைட்டி. பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சா?"

"எந்தப் பொண்ணுங்க?"

"என்னோட இருந்துச்சே. என்ன மட்டும் தூக்கியாந்துட்டீங்க. அத அங்கியே வுட்டுட்டீங்க."

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. நான்கு மூலையும் பார்த்தோம்.

"எங்க இருந்துச்சுக்கா?"

"துணிக்குள்ள. அப்பப்ப வரும். நான் தைச்ச எடத்துக்குப் பக்கத்துல அதுவும் தைச்சிட்டுப் போவும். பேசாது. கதவு பூட்டியே கெடக்குது, சோறு யாரு போடுவா அதுக்கு?"

பூங்கொடி என் தோளைத் தட்டி என்ன என்று கேட்டாள். சைகையில் சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் அவள் வாய் கோணியது. கட்டில் பக்கம் போய்த் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"இவங்கதான் அதுங்க" என்றேன். "எங்க கடையில இருக்காங்க."

வசந்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல. இவங்க பெரிய பொம்பளையா இருக்காங்க. அது சின்னது, மடிப்புக்குள்ளயே படுத்துக்கும். பேசவே பேசாது."

"இவங்களும் பேச மாட்டாங்க."

நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பிறகு வசந்தா சுவரோரமாக நகர்ந்து கட்டிலில் பாதி இடத்தை விட்டார். அந்த இடத்தை விரிப்பு சுருங்காமல் கையால் நீவினார்.

பூங்கொடி ஏறிப் படுத்தாள். வசந்தா போர்வையை இழுத்து இருவருக்கும் மூடினார். தலையோடு.

நான் மட்டும் பஸ் ஏறினேன்.