கேமராவைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அங்கே உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். நாங்களும் இங்கே அப்படியே என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன், காரணம் கீழே வருகிறது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. போன் உன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நான் பேசினால் பக்கத்தில் படுத்து ஒவ்வொரு சொல்லையும் எண்ணிக்கொண்டிருப்பாள். அதனால் மருந்து வாங்கும் சாக்கில் வந்து மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்காரர் தன் போனைக் கொடுத்து, "சார், எதுக்கு எழுதிக்கிட்டு, பேசிடுங்களேன்" என்றார். பேசலாம், ஆனால் பாதியில் என் குரல் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. எழுதி முடித்ததும் அவரே பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்.

போன வாரம் நீ கேட்டாயே, முதல் சம்பளத்தில் வாங்கி, வேறு புதுசு வாங்கியதும் எங்களிடம் விட்டுப் போன அந்தச் சின்னக் கேமரா இன்னும் போதுமா, வேறு அனுப்பட்டுமா, நிறை குறை எழுதுங்கப்பா என்று. முப்பத்தோரு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து அறிக்கை எழுதியவனிடம் கேட்டிருக்கிறாய், முறையாகவே எழுதுகிறேன். இந்த வகையில் முதன்முதலாக வந்தவற்றில் ஒன்று என்பதால் நிறையும் குறையும் தாராளம். பெரிய கேமராக்களில் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடி இதற்குள்ளே இல்லை, அதனால் கோட்டுப் பைக்குள் அடங்குகிறது, ஆனாலும் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். ஒரு வளையம் வாங்கி என் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸையே மாட்டிவிட்டேன், முகம் மட்டும் துல்லியமாக நின்று பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகிறது, மேசை நிறைய மருந்துப் பாட்டில் இருந்தாலும் படத்தில் ஏதோ விளக்கு எரிவது போல அழகாகத்தான் தெரியும். பொம்மை மாதிரி இருப்பதால் யாரும் விறைப்பாக நிற்பதில்லை. வேலையில் இருந்தபோது நான் பெரிய கேமராவைத் தூக்கினாலே கார்க்காரர் நொண்ட ஆரம்பித்துவிடுவார்.

குறைகள். கண்ணை வைத்துப் பார்க்கத் துளை கிடையாது, முதுகில் உள்ள திரையைத்தான் பார்க்க வேண்டும், வெயிலில் அதில் என் மூஞ்சிதான் தெரிகிறது, அதற்கு வீட்டில் வேறு கண்ணாடி இருக்கிறது. பேட்டரி ஒரு நாள் தாங்கினால் அதிசயம். பழைய லென்ஸ் என்றால் நானே திருகிக் கூர்மையாக்கிக்கொள்ளலாம், கேமராவோடு வந்த லென்ஸை மாட்டினால் தானாகச் செய்கிறேன் பார் என்று முன்னும் பின்னும் உறுமிக்கொண்டே இருக்கும். உன் அம்மா, "அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள என் சிரிப்பு செத்துப்போகுது, உங்களுக்குன்னே செஞ்சிருக்காங்க" என்றாள். கடைசிக் குறை, பேட்டரியைக் கழற்றி சில நாள் வைத்துவிட்டால் தேதியை மறந்துவிடும், எல்லாப் படத்திலும் அதே ஜனவரி முதல் தேதி. அதைச் சரிசெய்யச் சொல்லி நீ மூன்று தடவை எழுதினாய். எனக்குத் தெரியவில்லை என்று பதில் போட்டேன். தெரியும் பாப்பா. நான்தான் வேண்டுமென்றே கழற்றி வைத்தேன்.

நான் வேலையில் பிடித்த மோசடிகளில் பாதி, பழைய படத்தைப் புதுப்படம் என்று நீட்டியவை. வாரம் ஒரு படம் அனுப்புங்க, அம்மா எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும் என்றாய், ஞாயிறு தவறாமல் வந்தது. பதினொன்றும் ஒரே நாளில் எடுத்தவை. நுரையீரலில் கட்டி என்று தெரிந்து சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், "முடி இருக்கும்போதே எடுத்துடுங்க, அவ பரீட்சை முடியிற வரைக்கும் வச்சு ஓட்டலாம்" என்று உன் அம்மாதான் திட்டம் போட்டாள். பதினோரு உடை மாற்றினாள், ஆறாவதிலேயே மூச்சு வாங்கியது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், எழுந்து மீதி ஐந்தையும் மாற்றினாள். நாட்காட்டியைச் சுவரிலிருந்து எடுத்தது, திரைச்சீலையை மாற்றியது, ஒரே நிழல் இரண்டு படத்தில் விழாமல் நாற்காலியை நகர்த்தியது எல்லாம் என் பங்கு. இப்படி ஒரு ஆள் அந்தக் காலத்தில் எதிரே வந்திருந்தால் என்னால் பிடித்திருக்க முடியாது. வீடியோவில் பேசலாம் என்றால் நெட் சரியில்லை என்று நீ கேட்டுக் கேட்டு அலுத்தாயே, நெட் நன்றாகத்தான் இருக்கிறது. குரல் கம்மியதற்கு ஜலதோஷம் என்றாள், பதினோரு வாரமாக ஒரு ஜலதோஷம் இருக்கிறதா என்று நீயும் கேட்கவில்லை. அம்மா நல்லாத்தான் இருக்காங்க என்று நீ ஒவ்வொரு தடவையும் பதில் எழுதியபோது அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷப்பட்டாள், அதனால்தான் நிறுத்த முடியவில்லை.

போன ஞாயிறோடு கையிருப்பு தீர்ந்தது. "முதல் படத்தையே திரும்ப அனுப்புங்க, அவளுக்கா ஞாபகம் இருக்கப்போகுது" என்கிறாள். இன்று காலை அவள் தூங்கும்போது உண்மையாகவே ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். திரை போட்ட அறை, அந்த இருட்டில் திருகும் லென்ஸ் சரிவரவில்லை, மற்றதை மாட்டினேன். அது அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுத் தலையணை உறையில் போய் நின்றுவிட்டது. அதைக் குறையாக எழுத மனம் வரவில்லை, நானும் கொஞ்ச நாளாக அப்படித்தான் பார்க்கிறேன்.

நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார். "யாரையாவது கூப்பிடணும்னா இப்பவே கூப்பிடுங்க, அடுத்த மாசம்னு வைக்காதீங்க" என்றார். உனக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். அது முடியும் வரை சொல்லக்கூடாது என்று அவள் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பரீட்சை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் என்று நானே விசாரித்துக்கொண்டேன். புறப்பட்டு வா. நாளைக்கே வா.

வேறு கேமரா வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் வைத்துவிட்டுத் தேடாதே, விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிடு, பசியோடு வந்து நிற்காதே. உன்னைப் பார்த்ததும் உங்கப்பா சொன்னாரா என்றுதான் முதலில் கேட்பாள். லீவு கிடைத்தது, சும்மா வந்தேன் என்று எதையும் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம், ஆமாம், அப்பாதான் சொன்னார் என்று சொல்லிவிடு. அதற்குப் பிறகு என்னோடு பேசமாட்டாள். இத்தனை வருடத்தில் அவளுடைய மிக நீண்ட கோபம் ஒன்பது நாள். இந்தக் கோபம் அதையும் தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

உன் அப்பா