சுறா எண்ணெய் பூசிய பிக்கப்

இன்று மருமகன் பிக்கப்பை நெல்லியடிக் குஷன் கடையிலிருந்து எடுத்து வந்தார். கதவைத் திறந்ததும் புது றெக்சின் மணம் முகத்தில் அடித்தது. சீற்றுக்கு உறை, கதவுகளுக்கு உட்பலகை, தலைக்கு மேலே சுருக்கமில்லாத சீலை. காலையில் கொடுத்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டதாம். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இதே வேலையை, என்னைக் கட்டியவரே, நீங்கள் ஒரு மாரியில் தொடங்கி அடுத்த மாரி வரை செய்தீர்கள்.

அதுவும் போகட்டும். கழற்றிய பழைய கதவுப் பலகைகளை எறிய மனமில்லாமல் கடைக்காரர் வண்டியின் பின்னால் போட்டு அனுப்பியிருக்கிறார். "ஆர் செய்தது இது? ஒரு இடமும் உக்கேல்லை, ஒரு பூச்சியும் தொடேல்லை" என்று மருமகனிடம் அதிசயப்பட்டாராம். கேட்டீர்களா? செத்த பிறகும் உங்களை மெச்ச ஒரு ஆள்! பூச்சி எப்படித் தொடும்? மனிதரே கிட்டப் போக முடியாமல் அல்லவா செய்து வைத்தீர்கள்.

உங்கள் அப்பா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். நீங்கள் தலையெடுத்த காலத்தில் கப்பலோட்டம் படுத்துவிட்டது. கரையில் நின்று அலையைப் பார்த்தே வளர்ந்தீர்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் பிறகு ஒரு பழைய பிக்கப்பின் தலையில் இறக்கினீர்கள். சந்தைக்கு வெங்காயமும் திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் ஏற்றுகிற வாகனம் அது. நீங்களோ அதன் முன்பக்கத்தை, கப்பலின் முனை மாதிரி, அணியம் என்றீர்கள். செருப்போடு ஏறக்கூடாது என்றீர்கள். ஏன் என்று கேட்டால், "வள்ளத்திலை ஆராவது செருப்போடை ஏறுவினமே?" என்று என்னையே திருப்பிக் கேட்பீர்கள். இது வள்ளமில்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்ததுதான் மிச்சம்.

வள்ளத்தை வைத்திருப்பவர் அதை ஒழுங்காக வைத்திருப்பார். உங்கள் பிக்கப்பின் உள்பக்கத்தை நாய்கூடப் பார்க்காது. சீற்றின் கம்பிச் சுருள் வெளியே வந்து, ஏறுகிறவர்களின் சீலையைப் பிடித்து இழுத்தது. கூரைத்துணி தொங்கி, பிரேக் பிடித்தால் உங்கள் கண்ணை மறைத்தது. கதவின் உட்பலகை மழையில் ஊறி, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் போல வளைந்து நின்றது. திருத்துங்கள் என்றால், "ஓடுறது எஞ்சின், பலகையில்லை" என்று ஒரு பதில்.

எங்கள் மூத்த மகளின் கலியாணக் கதை வந்ததும்தான் உங்களுக்கு உறைத்தது. அவளோடு படிப்பிக்கிற இணுவில் பொடியன் அவளைப் பெண் கேட்டான். நல்ல பிள்ளை. ஆனால் தோட்டக்காரச் சைவக் குடும்பம், மீன் சட்டி ஏறாத வீடு. நாங்களோ கடற்கரைச் சனம். தாய்க்காரிக்கு மனமில்லை என்று எங்கள் காதுக்கு வந்துவிட்டது. "நேரிலை போய் வீடுவாசலைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தாராம். மூத்தவள் சோற்றைக் கையால் அளைந்துவிட்டு எழும்பிப் போன நாட்கள் அவை. அந்த ஒரு வருகையில் அவளுடைய வாழ்க்கை தொங்கிக்கொண்டு நின்றது.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து அவர்களை அழைத்து வருவோம் என்றேன். "எங்கடை வாகனம் நிக்க வாடகைக் காரோ? நானே போய் ஏத்திக்கொண்டு வருவன்" என்று குதித்தீர்கள். அப்படியென்றால் உள்பக்கத்தையாவது யாரிடமேனும் கொடுத்துச் செய்வியுங்கள் என்றேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம், யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாலும் ஒரு முழம் றெக்சின் கிடைக்காது. உங்களுக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. அப்பாவின் கப்பற்பாயில் மிஞ்சிய துண்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து விரித்தீர்கள்.

ஒன்றும் அவசரமில்லாதவர் மாதிரி வேலை செய்தீர்கள். பாய் தைக்கிற கோணல் ஊசியாலும் தார் நூலாலும் சீற் உறை தைத்தீர்கள். உள்ளே தேங்காய்த் தும்பு. தேயிலைப் பெட்டியைப் பிரித்துக் கதவுக்குப் பலகை. அதை அறைய வள்ளத்துச் செப்பு ஆணி. நூலில் இருந்த தார் உங்கள் வேட்டியில், வேட்டியிலிருந்து கதிரையில், கதிரையிலிருந்து என் வெள்ளைச் சீலையில். ஒரு பக்கக் கதவை முடித்ததும் மற்றப் பக்கத்தை விட்டுவிட்டுப் போய்க் கடற்கரையில் வெட்டிக் கதை. "மற்றக் கதவு எப்ப?" என்றால், "அந்தப் பக்கம் ஒருத்தரும் இருக்கிறேல்லைத்தானே." அந்தப் பக்கம் இருப்பவள் நான்.

எப்படியோ வேலை முடிந்தது. உண்மையைச் சொன்னால், அழகாகவே இருந்தது. வெள்ளைப் பாய்ச்சீலையும் நேர் நேரான தையலுமாகக் கப்பல் அறை போலவே இருந்தது. மூத்தவள் ஓடி வந்து பார்த்துச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் நீங்கள் கையை எடுத்திருக்கக் கூடாதா?

அவர்களை அழைக்கப் போகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம், மாடு கட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன், முற்றமெல்லாம் நாற்றம். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவுப் பலகை, கூரை, சீற்றின் அடி என்று ஓர் இடம் விடாமல் சுறா எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"உங்களுக்கு விசரே? நாளைக்கு ஆர் வருகினம் எண்டு தெரியுமே?"

"இஞ்சரும், நீர் பேசாமல் இரும். எண்ணெய் குடுக்காத பலகை ஒரு மாரி தாங்காது."

"மீன் மச்சம் தின்னாத சனம்!"

"அவை பலகையைத் தின்னவே வருகினம்?"

நான் சாம்பிராணி போட்டேன். தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன். கற்பூரத்தை முடிந்து கட்டித் தொங்கவிட்டேன். விடியும்போது வாகனம் சாமிக்குப் படைத்த சுறா மாதிரி மணத்தது. ஊர்ப் பூனையெல்லாம் வண்டிச் சில்லைச் சுற்றிப் படுத்திருந்தன.

இணுவிலில் அவர்கள் எங்களை மரியாதையாக வரவேற்றார்கள். தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை பிக்கப் வெயிலில் கண்ணாடி பூட்டியபடி நின்றது. பொடியனின் தகப்பன், ஓயாமல் மூக்குப்பொடி போடுகிற, வாய் திறவாத மனிதர், பின்னால் போட்ட கதிரையில் ஏறிக்கொண்டார். தாய்க்காரி முன்னால் ஏற வந்தார். நான் கதவைத் திறக்கிறேன். அப்போதா நீங்கள் அதைச் சொல்ல வேண்டும்?

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

அந்த அம்மா உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். ஏறினார். சீலைத் தலைப்பு மெல்ல மூக்குக்குப் போனது. ஊர் எல்லை தாண்டவில்லை, "வண்டியை நிப்பாட்டுங்கோ" என்றார். இறங்கி வேலிக்கரையில் நின்று மூச்சு எடுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. முடிந்தது, என் பிள்ளையின் கதை இந்த வேலியோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிசம் உங்களைக் கொன்றிருப்பேன்.

"நான் பின்னாலை இருக்கிறன்" என்றார் அவர். தகப்பன் முன்னுக்கு வந்தார், நான் அந்த அம்மாவோடு பின்னால் ஏறினேன். அவருடைய மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. நீங்கள் அவருக்குத் தையலைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கியது பின்னாலிருந்த எங்களுக்கே கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒற்றைக் கதிரையை ஒதுக்கிவிட்டுச் சாக்கை விரித்து, நடுத்தெருவில் ஊர் பார்க்க, வெங்காய மூட்டைகள் மாதிரி இருந்தோம். வெகுதூரம் போன பிறகு, அந்த அம்மா தெருவைப் பார்த்தபடியே கேட்டார்:

"உவர் எப்பவும் இப்பிடித்தானோ?"

நல்ல பெண்டாட்டி என்றால், இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அடக்க முடியவில்லை. "ஓம். எப்பவும் இப்பிடித்தான்" என்று தொடங்கினேன். அணியம், செருப்பு, தார் நூல், என் வெள்ளைச் சீலை, எல்லாம் கொட்டினேன். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தன் சீலைத் தலைப்பை என் பக்கம் நீட்டினார்.

"மணந்து பாருங்கோ. இது என்ரை கலியாணக் கூறைச் சீலை. பூச்சி அரியாதெண்டு எங்கடை மனுசன் மடிப்புக்கு மடிப்புப் புகையிலை வைச்சவர். எத்தினை தரம் தோய்ச்சாலும் போகுதில்லை. நான் கோயிலுக்குப் போனால், ஆர் சுருட்டுப் பத்தினது எண்டு சனம் திரும்பிப் பாக்குது."

மணந்தேன். சுருட்டேதான். எனக்குச் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார். அதன்பிறகு வீடு வரும்வரை நாங்கள் வாயை மூடவில்லை. வாசலில் இறங்கும்போது தலையெல்லாம் செம்புழுதி. மூத்தவள் படியில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா அவளுடைய கன்னத்தைத் தடவி, "பிள்ளை, எனக்கும் கொம்மாவுக்கும் தேத்தண்ணி கொண்டு வா. கதைச்சுக் கதைச்சுத் தொண்டை வறண்டு போச்சுது" என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "வாகனம் நல்ல வாகனம்" என்றார். அதை நீங்கள் அப்படியே நம்பினீர்கள். கலியாண வீட்டிலும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்கள். என்ன மனிதர் நீங்கள்!

போனதும் உங்கள் பாணியில்தான் போனீர்கள். ஒரு பின்னேரம் நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள், தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பொன்னானவர், பொறுமைசாலி, ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடாதவர் என்றார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கல்லாகிப் போனாள் என்று பேசிக்கொண்டார்கள். சம்பந்தி அம்மா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் காதுக்குள் மெல்லக் கேட்டார்:

"சம்மந்தி, இவையள் ஆரைச் சொல்லினம்?"

அப்போதுதான் நான் அழுதேன். அலறி அழுதேன்.

இன்றைக்குப் பின்னேரம் சம்பந்தி அம்மா வந்திருந்தார். புதுச் சீற்றைத் தடவிப் பார்த்தார். நான் வழக்கம்போல உங்களைப் பற்றித் தொடங்கினேன். "செத்த மனுசனை ஏசாதையுங்கோ அம்மா, பாவம்" என்றாள் மூத்தவள். ஊரிலும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்களைப் பற்றி நல்லது மட்டுமே பேச வேண்டுமாம். நல்லது மட்டும் பேசினால் எனக்கு உங்கள் முகம் வருகிறதில்லை, நான் என்ன செய்ய?

சம்பந்தி அம்மா மகளைக் கையால் அமர்த்தினார். "நீ உள்ளுக்குப் போ பிள்ளை" என்றார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கோ சம்மந்தி" என்றார்.

இருட்டும் வரை ஏசினேன். நீங்கள் எங்களோடுதான் இருந்தீர்கள்.