தவக்காலத்தில் சொசேஜ் பணிஸ்

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸ்,

நீரும் அம்மாவும் சுகம்தானே? பேசாலையில் காற்று மாறியிருக்கும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

முகத்துவாரத்தில் எங்கள் ஐஸ் கொம்பனிப் பக்கம் திரியும் ஒரு நாயின் காலில் ஓட்டோ ஏறி, காயம் சீழ்பிடித்துவிட்டது. மிருக வைத்தியர் அன்டிபயோட்டிக் குளிசை தந்து, "காயம் காஞ்சிட்டுதெண்டு இடையில நிப்பாட்ட வேணாம், அண்ணே" என்றார். தவக்காலத்தில் நான் இறைச்சி தொடுவதில்லையே. அதனால் மீன் பணிசுக்குள் குளிசையை மறைத்துக் கொடுத்தேன். நாளெல்லாம் மீன் தின்னும் நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சிரிக்காதேயும், கடைசியில் உம்முடைய புருஷன் பின்னேரந்தோறும் சொசேஜ் பணிசோடு கடலைப் பார்த்துக் காத்திருந்தான். அந்த நேரம் ஆறு கடலில் சேருகிற இடமெல்லாம் பொன்னாய் அசையும். நாய் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்தால், நம் வீட்டுப் படலை திறப்பதுபோல் இருக்கும்.

நேற்றோடு குளிசை முடிந்தது. காலும் ஆறிவிட்டது. இனி ஏன் வரப்போகிறது என்று நினைத்தும், இன்று பணிஸ் வாங்கினேன். வந்தது. தின்று முடித்தும் போகாமல் என் செருப்பில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

ஐஸ் லொறி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். பஸ்ஸில் யாரும் வந்தால் உம்முடைய தலையணை உறையைக் கொடுத்துவிடும். தோய்க்க வேண்டாம்.

உமது,
பற்றிக்